ஆளைக் குறைக்காதீங்க சாமி, டப்பாவை மாத்துங்க!

மக்களே, ரொம்ப நாளா கடைப்பக்கம் எட்டிப் பார்க்க முடியல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. (நீ எழுதலைன்னு எவன் அழுதான்னு நீங்க முனகுறது இங்க வரைக்கும் கேக்குது.) இன்னிக்கு எழுத வந்ததுக்கு ஒரே காரணம் வயித்தெரிச்சல். கொஞ்சம் நீளமான பதிவு, டீயைக் கையில வெச்சுக்கிட்டு உக்காருங்க.

போன மாசம் தெக்கத்திப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில ரெண்டு நாள் பயிற்சிப் பட்டறை. பேரெல்லாம் வேணாம். கட்டற்ற மென்பொருள் பத்தி நானும் நாலு நண்பர்களும் வருஷா வருஷம் போய் வகுப்பு எடுக்குறது வழக்கம். இந்த வாட்டி 250 பசங்க. பாதிப் பேர் அந்தக் காலேஜே கிடையாது. சுத்துப்பட்டு ஊர்லேர்ந்து விடிகாலை பஸ் புடிச்சு, ஆளுக்கு 300 ரூபா கட்டி வந்தவங்க.

சனிக்கிழமை காலைல பத்தே காலுக்கு மைக்கைப் புடிச்சு, "எல்லாரும் இதை இறக்கி நிறுவிக்கோங்க"ன்னு சொன்னேன். அதோட முடிஞ்சது கதை. ஆடிட்டோரியம் முழுக்க வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. மூணாவது வரிசையில ஒரு பொண்ணு கையைத் தூக்குச்சு. "அண்ணா, மூணு பர்சன்ட்லயே நிக்குதுண்ணா." மத்தியானம் போய்ப் பார்த்தேன், பதினொண்ணு. சாயங்காலம் நாலு மணிக்கு லேப்டாப்பை மூடி பைக்குள்ள வெச்சுக்கிட்டே, "பரவால்லண்ணா, வீட்ல போய்ப் பாத்துக்குறேன்"னு சொல்லுச்சு. பேச்சுக் கொடுத்தப்புறம்தான் தெரிஞ்சது, அது அவங்க அத்தை பையனோட லேப்டாப்பாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி திருப்பிக் கொடுக்கணுமாம். வீட்ல போய் எதைப் பாக்குறது?

ரெண்டாம் நாள் அந்தப் பொண்ணு வரல. நெட்டு வேலை செய்யாததுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா பஸ்ஸுக்குக் காசு செலவு பண்ணி மறுபடி வந்து வட்டத்தைப் பாக்கணுமான்னு யாருக்குத்தான் தோணாது?

இது வயித்தெரிச்சல்ல பாதிதான். மீதி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துச்சு. எல்லாம் முடிஞ்சு டீ குடிக்கறப்ப ஒருங்கிணைப்பாளர் என் தோள்ல கை போட்டு சொன்னாரு: "தம்பி, கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு. இவ்ளோ பேர் வந்தா எந்த வைஃபை தாங்கும்? அடுத்த வருஷம் நூறு பேரோட நிறுத்திக்கலாம். நம்ம காலேஜ் பசங்க மட்டும் போதும்." சுத்தி இருந்த எல்லாரும் தலையாட்டுனாங்க.

நல்ல மனுஷன். கெட்ட எண்ணம் துளி கிடையாது. ஆனா அந்தத் தலையாட்டல்ல 150 பசங்க காலி. யாரு அந்த 150? அஞ்சு மணி பஸ் புடிச்சு வந்தவங்க. அதான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கூட்டம் தப்பு பண்ணல, டப்பாதான் தப்பு. எந்த டப்பாவை வாங்குறது, எங்க மாட்டுறதுன்னு தெரியாம வாங்கினவங்க தப்பு.

அந்த வாங்கினவங்கள்ல முதல் குற்றவாளி சாட்சாத் அடியேன்தான். அவ்வ்வ்வ்.

போன வருஷமும் இதே பிரச்சினை. அப்ப மூணு ரவுட்டர், 100 எம்பிபிஎஸ் லைன். "லைனை 300 ஆக்குங்க சார், இன்னும் ஆறு ரவுட்டர் வாங்கி மாட்டுங்க"ன்னு பெரிய பருப்பு மாதிரி யோசனை சொன்னது நான்தான். இஞ்சினியரிங் டிகிரி வேற வெச்சிருக்கான், பொட்டி தட்டுறவன் வேற, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவங்களும் நம்பிட்டாங்க. ஆன செலவு ரவுட்டருக்கு மட்டும் பதினோராயிரம் சொச்சம். விளைவு? போன வருஷத்தை விட மோசம்.

அது எப்படிரா ஆகும்னுதான் நானும் மண்டையப் பிச்சுக்கிட்டேன். சாப்பாட்டு நேரத்துல ஒரு கேபிளை எடுத்து என் லேப்டாப்பை நேரா ஸ்விட்ச்சுல சொருகினேன். பறக்குது! லைன்ல எவ்ளோ போகுதுன்னு பார்த்தா, காலைலேர்ந்து உச்சபட்சமா 22 எம்பிபிஎஸ். நோட் பண்ணுங்கப்பா. 300-க்குக் காசு கட்டியிருக்கோம், 250 பேர் நெட்டு இல்லன்னு கதறுறாங்க, லைன் முக்கால்வாசிக்கு மேல சும்மா தூங்குது. கேபிளைப் புடுங்கிட்டு வைஃபைல ஏறி, இன்டர்நெட்டை விடுங்க, பத்தடி தள்ளி இருக்குற ரவுட்டருக்கே ஒரு பிங் அனுப்பினேன். 900 மில்லிசெகண்ட். பத்தடிக்கு!

அடுப்படியில அண்டா நிறைய சாம்பார் இருக்கு, பந்தியில இலை எல்லாம் காய்ஞ்சு கிடக்கு, நாங்க போய் இன்னும் ரெண்டு அண்டா சாம்பார் வெச்சிருக்கோம். பரிமாற ஆள் போறதுக்கு வழி இருக்கான்னு எவனும் பாக்கல.

அந்த வழிதான் காத்து. வைஃபைங்கிறது ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் பேசுற சமாச்சாரம். மத்தவங்க எல்லாரும் வாயை மூடிக் கேட்டுக்கிட்டு, இடைவெளி கிடைக்கறப்ப பேசணும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசிட்டா ரெண்டுமே வீண், மறுபடி முதல்லேர்ந்து. அதனால 300 எம்பிபிஎஸ்சுங்கிறது வெளியில இருக்குற கணக்கு. ஆடிட்டோரியத்துக்குள்ள கணக்கு வேற. ஒரு நொடியில இருக்குற ஆயிரம் மில்லிசெகண்டை எத்தனை பேர் பங்கு போடுறாங்க, ஆளுக்கு எவ்ளோ நேரம் எடுத்துக்குறாங்க, அவ்வளவுதான்.

இப்ப எங்க ஒன்பது டப்பாவுக்கு வருவோம். எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிஞ்ச மலிவு ரகம். அந்த அலைவரிசையில ஒண்ணை ஒண்ணு உரசாம இருக்கக்கூடிய சேனல் மூணே மூணு: 1, 6, 11. ஒன்பது டப்பாவும் தானா சேனல் தேர்ந்தெடுத்துச்சு. போன்ல அனலைசர் போட்டுப் பார்த்தா அஞ்சு டப்பா 6-லயே உக்காந்திருக்கு. அது போதாதுன்னு எல்லாம் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல. அதாவது ஒவ்வொண்ணும் பக்கத்துச் சேனல் மேலயும் காலை நீட்டிப் படுத்திருக்கு. ஒரே தெருவுல ஒன்பது மைக்செட் கட்டி ஒன்பது பாட்டு போட்டா எந்தப் பாட்டு கேக்கும்? அதைத்தான் நான் காசு கொடுத்து வாங்க வெச்சேன்.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. மாணவர்களுக்கு ஒரு பேரு, ஆசிரியர்களுக்கு ஒரு பேரு, விருந்தினருக்கு ஒரு பேருன்னு ஒவ்வொரு டப்பாவுலயும் மூணு நெட்வொர்க். ஒவ்வொரு பேரையும் டப்பா நொடிக்குப் பத்துத் தடவை "நான் இருக்கேன், நான் இருக்கேன்"னு கூவணும். அந்தக் கூவல் பழைய சாதனத்துக்கும் கேக்கணும்கிறதுக்காக 1 எம்பிபிஎஸ் வேகத்துல போகும். ஒரு கூவலுக்குச் சுமார் 2 மில்லிசெகண்ட். 6-ஆம் சேனல்ல அஞ்சு டப்பா, மூணு பேரு, பத்துக் கூவல், ரெண்டு மில்லிசெகண்ட். பெருக்குங்க: 300. ஒரு பய ஒரு பைட் கூட இறக்காம இருக்கறப்பவே நொடியில முப்பது சதவீதம் சுயபுராணத்துக்குப் போயிடுச்சு!

இதுக்கு மேல மெதுவாப் பேசுறவங்க பிரச்சினை. முழு அளவு பாக்கெட் ஒண்ணு 1500 பைட். 54 எம்பிபிஎஸ்ல அது கால் மில்லிசெகண்டுக்கும் கம்மி. 1 எம்பிபிஎஸ்ல 12 மில்லிசெகண்ட். கடைசி வரிசையில தூண் மறைவுல இருக்குற ஒரே ஒரு லேப்டாப் 1-க்கு இறங்கிட்டா, அது ஒரு பாக்கெட் அனுப்புற நேரத்துல மத்தவங்க ஐம்பது அனுப்பியிருக்கலாம். ரயில்வே கவுன்ட்டர்ல முன்னாடி நிக்குற தாத்தா சுருக்குப் பையை அவுத்துச் சில்லறையா எண்ணிக் கொடுக்கறப்ப, பின்னாடி நிக்குறவங்க கையில சரியான நோட்டு இருந்து என்ன பிரயோசனம்? இது என் கண்டுபிடிப்பு இல்ல. பிரான்ஸ்ல ஹ்யூஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2003-லயே ஆய்வுக் கட்டுரை எழுதி நிரூபிச்சுட்டாங்க.

அதை விட நம்ம கதைக்கு நெருக்கமா ஒண்ணு சொல்றேன். இன்டர்நெட்டோட விதிமுறைகளையே எழுதுற ஐஇடிஎஃப் அமைப்பு 2005 மார்ச்ல மினியாபொலிஸ்ல கூடுச்சு. அது அவங்க 62-ஆவது கூட்டம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான்டா பார்பரா வளாக ஆய்வாளர்கள் அங்க போய் வைஃபை நெரிசலை அப்படியே பதிவு பண்ணி அலசினாங்க. நெரிசல்ல பாக்கெட் மோதித் தொலையுது. சாதனம் என்ன நினைக்குது? "சிக்னல் வீக்கு போல"ன்னு வேகத்தைக் குறைக்குது. வேகம் குறைஞ்சா ஒவ்வொரு பாக்கெட்டும் இன்னும் நேரம் எடுக்குது. நெரிசல் இன்னும் ஜாஸ்தியாகுது. புலி வாலைப் புடிச்ச கதைதான். உலகத்துக்கே நெட்வொர்க் சொல்லிக் கொடுக்குறவங்க கூடின இடத்துலயே இந்த நிலைமைன்னா, 250 பேர் காலேஜ் ஆடிட்டோரியத்துல என்ன ஆகும்?

பெரிய இடத்துக் கதையும் இருக்கு. 2010 ஜூன் 7, சான் ஃபிரான்சிஸ்கோ. ஸ்டீவ் ஜாப்ஸ் ஐஃபோன் 4-ஐ அறிமுகப்படுத்துறாரு. மேடையில ஒரு வலைப்பக்கம் திறக்க மாட்டேங்குது. அந்த ஹால்ல 570 வைஃபை நிலையங்கள் ஓடிக்கிட்டு இருக்குன்னு சொல்லி, எல்லாரும் வைஃபையை அணைங்கன்னு கூட்டத்துகிட்டயே கேட்டாரு. அதுல பல, ஆளாளுக்குக் கையோட கொண்டு வந்த ஹாட்ஸ்பாட். காசு இல்லாததாலயா ஆப்பிளுக்கு அந்த நிலைமை? காத்துல இடம் இல்ல, அவ்வளவுதான்.

உடனே, "ஆகா, அப்ப ஹாட்ஸ்பாட் போடுறவனைத் தடுத்தா சரி"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். எங்க பட்டறைலயும் கிளம்புச்சு. தடுத்தவங்க கதை தெரியுமா? அமெரிக்காவுல நாஷ்வில்ல ஒரு மாநாட்டு ஓட்டல். மேரியட் குழுமம் நடத்துறது. வந்தவங்களோட சொந்த ஹாட்ஸ்பாட்டை முடக்கிட்டு, ஓட்டல் வைஃபைக்கு ஒரு சாதனத்துக்கு 250-லேர்ந்து 1000 டாலர் வரைக்கும் வாங்கினாங்க. 2014 அக்டோபர்ல அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 6 லட்சம் டாலர் தீட்டிருச்சு. அடுத்த வருஷமே மாநாட்டு அரங்குகளுக்கு நெட்டு கொடுக்குற ஸ்மார்ட் சிட்டிங்கிற நிறுவனம் இதே வேலைக்கு ஏழரை லட்சம் டாலர் கட்டுச்சு. பையன் ஏன் ஹாட்ஸ்பாட் போடுறான்? உங்க வைஃபை நாறுறதால போடுறான். அது ஒழுங்கா ஓடினா, தினசரி டேட்டாவைத் தின்னு தீர்க்குற ஹாட்ஸ்பாட்டை எவனாவது போடுவானா?

சரி, திட்டிக்கிட்டே இருந்தா ஆச்சா, என்னதான் பண்ணணும்னு கேப்பீங்க.

ஞாயித்துக்கிழமை விடிகாலைல போய் காசு செலவில்லாம பண்ணினதை முதல்ல சொல்றேன். ஒன்பது டப்பாவுல ஆறை அணைச்சேன். ஆமா, அணைச்சேன். மிச்சம் மூணை 1, 6, 11-ல ஒண்ணொண்ணா வெச்சேன். அகலத்தை 20-க்குக் குறைச்சேன். மூணு பேரை ஒரே பேராக்கினேன். பெரிய கோப்புகளை எல்லாம் ராத்திரியே என் லேப்டாப்ல இறக்கி, அதைக் கேபிள்ல சொருகி வெச்சேன். பத்து பென் டிரைவ்லயும் ஏத்தி வரிசைக்கு ஒண்ணு கைமாத்தி விட்டேன். பிங் 900-லேர்ந்து எழுபது எண்பதுக்கு வந்துச்சு. பாதிப் பேருக்கு மேல வேலையை முடிச்சாங்க.

பாதி. இதுதான் முக்கியம். மீதிப் பாதி அமைப்பை மாத்தினா வராது, சாதனத்தை மாத்தினாத்தான் வரும். 250 பேர், ஆளுக்கு ஒரு போன் ஒரு லேப்டாப், ஆக 500 சாதனம். மூணு சேனல்ல அதை எந்தக் கொம்பனாலயும் அடக்க முடியாது.

2.4-ல மொத்தமா இருக்குறதே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஆனா 2018 அக்டோபர்லயே மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 605 மெகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம்னு திறந்து விட்டாச்சு. ஏழு மடங்கு! ஒண்ணை ஒண்ணு உரசாத சேனல் இருபதுக்கும் மேல. பக்கத்துல எட்டு வழிச்சாலை போட்டு வெச்சிருக்காங்க, நாம முட்டுச்சந்துல நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கோம்.

அதனால வாங்குறதா இருந்தா இப்படி வாங்குங்க. ரெண்டு அலைவரிசையும் உள்ள, நிறுவன ரக ஆக்சஸ் பாயின்ட் ஏழெட்டு. வீட்டு ரவுட்டர் வேணாம், அது ஒரு குடும்பத்துக்குச் செஞ்சது. 5-ல ஒவ்வொண்ணுக்கும் தனிச் சேனல். 2.4-ஐ மூணுல மட்டும் விட்டுட்டு மத்ததுல அணைச்சுடுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனிக் கேபிள், மின்சாரமும் அதே கேபிள்ல போற மாதிரி ஒரு பிஓஇ ஸ்விட்ச். கேபிள் இழுக்க சோம்பேறித்தனப்பட்டு ரிப்பீட்டர் வைக்காதீங்க. அது கேட்டதையே காத்துல ரெண்டாவது தடவை சொல்லும், இருக்குற இடமும் பாதியாயிடும். டப்பாவோட சத்தத்தைக் குறைச்சு வைங்க. கூட்டத்துல கத்துறதை விட பக்கத்துல நின்னு மெதுவாப் பேசுறது மேல். 1, 2, 5.5, 11-னு பழைய வேகங்களை மூடுங்க. முகவரி கொடுக்குற இடத்தையும் பாருங்க. எங்க ரவுட்டர்ல நூறு முகவரிதான் ஒதுக்கியிருந்துச்சு, அதுவும் 24 மணி நேரத்துக்கு. 500 சாதனத்துக்கு! வலைப்பின்னலை /22-ஆ வெச்சா 1022 முகவரி, கவலை விட்டது.

இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. 2014-ல திறந்த லீவைஸ் ஸ்டேடியத்துல 68 ஆயிரம் சொச்சம் இருக்கைக்குச் சுமார் 1200 ஆக்சஸ் பாயின்ட். அதுல நிறைய இருக்கைக்கு அடியிலேயே பதிச்சது. மனுஷ உடம்பு அலையை உறிஞ்சும்ல, அந்தத் தொல்லையையே சாதகமாக்கி, ஒரு டப்பா அடுத்த டப்பா மேல கத்தாமப் பாத்துக்கிட்டாங்க. அங்க யாரும் ரசிகர்களைப் பாதியாக் குறைங்கன்னு சொல்லல.

"காசு?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. அந்த ரகம் ஒண்ணு பத்தாயிரத்துக்கு முன்ன பின்ன ஆகும். மொத்தமா எண்பதாயிரம், ஸ்விட்ச், கேபிள் எல்லாம் சேர்த்தா லட்சத்தைத் தொடும். ஜாஸ்திதான், மறுக்கல. ஆனா அது வருஷம் பூரா அந்த ஆடிட்டோரியத்துக்கு உழைக்கும். ஒருதடவைக்குத்தான்னா வாடகைக்கு எடுங்க, இல்ல நாலு காலேஜ் சேர்ந்து வாங்கிச் சுத்துல விடுங்க. துவக்க விழாவுல பொன்னாடை, நினைவுப் பரிசு, வாசல்ல நாலு ஃபிளெக்ஸ், இதுக்கெல்லாம் "காசு எங்க?"ன்னு யாரும் கேக்கல பாருங்க.

"அதான் எல்லார் போன்லயும் டேட்டா இருக்கே, வைஃபை எதுக்கு?" இது அடுத்த அறிவுக் கொழுந்து. நாலு பக்கமும் கனமான சுவர், உள்ள ரெண்டு புள்ளி சிக்னல், 250 பேருக்கும் ஒரே டவர். தினம் ஒண்ணரை ஜிபி பேக் போட்டிருக்குற புள்ளைகிட்ட மூணு ஜிபி இறக்கச் சொல்றது எந்த ஊர் நியாயம்?

எனக்குக் கோவம் எங்க வருதுன்னா, இது எல்லாமே தெரிஞ்ச விஷயம். இருபது வருஷமா அளந்து எழுதி வெச்சிருக்காங்க. நாமதான் படிக்காம ஆளுக்கு ஒரு டப்பா வாங்கி மாட்டிட்டு, ஓடலைன்னதும் "கூட்டம் ஜாஸ்தி"ன்னு கையை விரிக்கிறோம். கூட்டம் வரணும்னுதானய்யா பட்டறையே நடத்துறோம்? பந்தியில இடம் பத்தலைன்னா இன்னொரு பந்தி போடுவாங்களா, வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்புவாங்களா?

ஒருங்கிணைப்பாளருக்கு நாலு பக்கத்துல மேல சொன்ன கணக்கை எல்லாம் எழுதி அனுப்பியிருக்கேன். முதல் வரியில, போன வருஷம் நான் கொடுத்த யோசனை தப்புன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பும் கேட்டிருக்கேன். "பாக்கலாம் தம்பி"ன்னு பதில் வந்திருக்கு. நூறு பேர்னு முடிவாச்சுன்னா அடுத்த வருஷம் நான் போறதா இல்ல. 250-ன்னா, முந்தின நாள் ராத்திரியே போய் ஏணி போட்டுக் கேபிள் இழுக்க நான் ரெடி.

நீங்களும் அங்கங்க சந்திப்பு, பட்டறைன்னு நடத்துறவங்கதான். அடுத்த தடவை லைன் வேகத்தை ஏத்தக் காசு எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி, ஒரு கேபிளைச் சொருகிப் பாருங்க. கேபிள்ல பறந்து காத்துல நொண்டுச்சுன்னா, என்னை மாதிரி சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்காதீங்க. :-)

டிஸ்கி 1: அணைச்சு வெச்ச ஆறு ரவுட்டரும் அந்தக் காலேஜ் ஸ்டோர் ரூம்ல இருக்கு. ஆளுக்கு ஒண்ணுன்னு வீட்டுக்குக் கொடுத்துடலாம்னு சொல்லியிருக்கேன். வீட்டுக்கு அது அருமையான டப்பா.

டிஸ்கி 2: ஏணி புடிக்க ஆள் தேவை. பின்னூட்டத்துல கையைத் தூக்குங்க.